பண்ணையார் நாக்கின் தீர்ப்பு

பண்ணையார் திருமேனி நாக்காலேயே ஊரைக் கொள்ளையடித்து வந்தார். குடியானவர்கள் காய்ச்சிய நாட்டுச் சர்க்கரையை ருசி பார்ப்பார். பண்ணைச் சர்க்கரையைவிட இனிப்புக் குறைவு என்று சொல்லிவிட்டால் மூட்டை அவருக்கு. இதுவரை ஒருவர் சர்க்கரையும் அவர் நாக்குக்கு இனித்ததில்லை. இத்தனைக்கும் அவருக்கு நீரிழிவு.

இந்த வருஷம் முதலில் நின்றவள் கூலிக்காரி காத்தாயி. சிறுகுறிஞ்சான் இலையை நீட்டினாள்.

"இதை மென்னுட்டு ருசி பாருங்கய்யா. உங்க நோவுக்கு நல்லது."

இலவசம் என்பதால் ஒரு பிடி மென்றார். அந்த இலையை மென்ற நாக்குக்குக் கொஞ்ச நேரம் இனிப்பே தெரியாது. இது பறிக்கிறவர்களுக்குத் தெரியும், பண்ணையாருக்கு எப்படித் தெரியும்?

முதல் கிண்ணத்தை ருசித்தார். "தூ, வெறும் மண்ணு. மூட்டையை இறக்கு."

"சரிங்கய்யா. இந்தக் கிண்ணத்தையும் பார்த்துட்டு, பண்ணைச் சர்க்கரை எப்படின்னு ஊருக்குச் சொல்லுங்க."

அள்ளி வாய் நிறையப் போட்டார். அதுவும் மண்ணாகவே இருந்தது. ஊரே பார்க்கிறது, என்ன செய்வார்? "அமிர்தம்" என்று குழறினார்.

"துப்பினது உங்க பண்ணைச் சர்க்கரைங்க, உங்க சமையக்காரர்கிட்ட வாங்கினது. இப்ப வாயில இருக்கிறது ஆத்து மணலு. உங்களுக்குப் புடிச்சது ஆத்துல கொட்டிக் கிடக்கு, வண்டி கட்டி அள்ளிக்குங்க."

காத்தாயி மூட்டையைத் தலையில் ஏற்றினாள். மற்றவர்களும் ஏற்றினார்கள். தடுப்பதற்காகப் பண்ணையார் வாயைத் திறந்தார். மணல்தான் கொட்டியது.