பன்னிரண்டு நிமிஷத்துக்கு முந்தைய இடம்

"மேடம், நாளையிலேர்ந்து நான் வரல," என்றார் இன்னாசி.

மரகதவல்லி கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மலைமேல் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஒரே வேலை. விண்கலம் அனுப்பும் படங்களைப் பார்த்து, சூரியன் எப்போது, எந்தப் பக்கம் வெடித்துக் கக்கியது என்று பட்டியல் எழுத வேண்டும். அவளுக்கு வயது நாற்பது. அவளிடம் வேலை கற்கும் மாணவர் இன்னாசிக்கு அறுபத்தொன்று. முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து பிள்ளைகளைப் படுத்தியது போதாதென்று, தானே படிக்க வந்தவர்.

"என்ன குறை சார்?"

"மூணு மாசமா ஸ்டூல்ல உட்கார்றேன். இடுப்பு போச்சு. பக்கத்துல நாற்காலி சும்மாத்தான் கிடக்கு. நான் எழுதிக் குடுக்குற சீட்டையும் பிரிச்சுப் பாக்காம டிராயர்ல போடுறீங்க. லாயக்கில்லன்னா நேரா சொல்லிடுங்க."

பன்னிரண்டு நிமிஷ இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களைத் திரையில் போட்டாள்.

"பின்னதுலேர்ந்து முன்னதைக் கழிங்க."

கழித்தார். மாறாததெல்லாம் சாம்பல் நிறமாகி மறைந்தது. கண் கூசாமலிருக்கச் சூரியனை மறைத்துக் கருவியில் வைத்திருந்த வட்டத் தகட்டுக்கு மேலே வெள்ளையாக ஒரு வளைவு. அதன் கீழே ஒட்டினாற்போல், கருப்பாக இன்னொன்று.

"எத்தனை?"

"ரெண்டு."

"ஒண்ணுதான் சார்."

"அப்ப அந்தக் கருப்பு?"

"பன்னிரண்டு நிமிஷம் முன்னால அந்த வெள்ளை இருந்த இடம். அது மேல போயிடுச்சு. இப்ப அங்க ஒண்ணும் இல்ல. புதுசா வர்றவங்க எல்லாரும் அதையும் சேத்து எண்ணிடுவாங்க. நானும் எண்ணினேன். தேவசகாயம் அண்ணன் சிரிச்ச சிரிப்புல டீ கொட்டிப்போச்சு."

அவள் அவருடைய நாற்காலியைப் பார்த்தாள். கைப்பிடியில் அந்தக் கறை இன்னும் இருந்தது.

பதினாறு வருஷம் அவளும் தேவசகாயமும் சேர்ந்து எழுதிய பட்டியல். ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்காமல் நேரமும் திசையும் குறிப்பார்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் பட்டியலில் ஏறும். அப்போதெல்லாம் அவர் பஸ் கண்டக்டர் மாதிரி, "ரைட், போலாம்!" என்பார். அவர் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. அதன்பின் பட்டியலில் ஒரு வரிகூட ஏறவில்லை. அந்தக் குரலுக்கு அவள் மனம் இன்னும் ஏங்கிக்கொண்டிருந்தது.

இன்னாசி கறையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அப்ப கருப்பைப் பட்டியல்ல ஏத்தக் கூடாதா மேடம்?"

"கூடாது," என்றாள் மரகதவல்லி சட்டென்று.

சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. கண் மறுபடி அந்தக் காலி நாற்காலிக்குப் போனது.

"கூடாது சார்," என்றாள் மறுபடி, மெதுவாக.

எழுந்தாள். நாற்காலியைத் தன் கையாலேயே இழுத்துத் திரைக்கு நேரே போட்டாள்.

"உட்காருங்க."

உட்கார்ந்தார். இருவரும் தனித்தனியே எழுதினார்கள். அவள் இரண்டு சீட்டுகளையும் மேசைமேல் விரித்தாள்.

அவள் சீட்டில், பத்து நாற்பத்தெட்டு, வடமேற்கு.

அவர் சீட்டில், பத்து நாற்பத்தெட்டு, வடமேற்கு.

இன்னாசி காத்திருந்தார். அவள் இரண்டு சீட்டுகளையும் ஒன்றாக அடுக்கினாள்.

"ரைட்," என்றாள். "போலாம்."