ஐப்பசி மண்

"ராஜாவை எதிர்த்துக் கை ஓங்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க சாமி. வெளியே ஆட்கள் காத்திருக்காங்க."

வாசலில் நின்றபடியே கேட்டான் செங்கோடன். தலையிலிருந்து மழை சொட்டியது. இடுப்பில் அரிவாள், கையில் கடப்பாரை. இந்தக் கோலத்தில் வந்து நிற்பவனுக்கு ஒரே வார்த்தையில் பதில் வேண்டுமாம்!

"உட்காரு அண்ணே," என்றாள் குப்பாயி சாமி.

குருவைவிடச் சிஷ்யனுக்கு வயது கூட. அதனால் 'அண்ணே' என்பாள். சிஷ்யன் என்பதால் 'உட்காரு' என்பாள். அவனுக்கு இரண்டும் பழகிவிட்டது.

உட்கார்ந்தான். உடனே எழுந்தான். மடத்து வாசலிலிருந்து பார்த்தால் பெரிய ஏரி தெரியும். நேற்றுக் கரையோரம் நின்ற பனங்கன்று இன்று தண்ணீருக்குள் இருந்தது.

"கரை கசியுது சாமி. உடைஞ்சா கீழத்தெரு மொத்தமும் போச்சு. என் பொண்டாட்டி பிள்ளைங்க அங்கேதான் இருக்காங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுமா கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருக்கீங்க?"

ஆமாம், அவள் கீரைதான் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடக் கலிங்கு என்று ஓர் இடம் உண்டு. கரையைவிடத் தாழ்வாகக் கட்டி, மேலே வரிசையாகக் கல் நட்டிருப்பார்கள். மழை ஓய்ந்ததும் கல்லுக்குக் கல் இருக்கும் சந்துகளை மண்ணால் அடைப்பார்கள், கோடைக்குத் தண்ணீர் நிற்கும். அடுத்த மழைக்கு அந்த மண்ணை எடுத்துவிடுவார்கள். இந்த வருஷம் எடுக்கக் கூடாதென்று அரசன் ஆணை. ராணியின் தெப்பத்துக்கு ஏரி தளும்ப வேண்டுமாம். மண்ணைத் தொட்டவன் கையை வெட்டுவார்களாம். நல்ல ராஜா, நல்ல தெப்பம்!

"அரண்மனையில போய்ச் சொன்னீங்களா?" என்று கேட்டாள் குப்பாயி.

"சொல்லாம இருப்போமா? முதல்ல போனவங்களை வாசல்லயே அடிச்சு விரட்டினாங்க. அப்புறம் என் தம்பி போனான். அவனைச் சிறையில போட்டுட்டாங்க. இன்னும் யார் காலில விழணும்?"

"சரி. இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"கிழக்கே கரையை வெட்டப் போறோம். தண்ணி நேரா அரண்மனைக்குப் போகும். தெப்பம் ராஜாவோட படுக்கையறையிலேயே நடக்கட்டும்!"

குப்பாயி சிரித்துவிட்டாள். அவளும் மனுஷிதானே.

"அரண்மனைக்கு முன்னால என்ன இருக்கு?"

செங்கோடன் வாசலுக்குப் போய் ஏரியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"என்ன இருக்குன்னு கேட்டேன் அண்ணே."

"குயவர் தெரு."

"அவங்க என்ன பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணலை! அதுதான் சாமி எரிச்சல். என் தம்பியை இழுத்துக்கிட்டுப் போனப்ப, ஒருத்தன் வாயைத் திறக்கலை."

"வாயைத் திறக்காதவனை எல்லாம் முழுகடிக்கணும்னா அதுக்கு ராஜாவே போதுமே. நீ எதுக்கு?"

அவனுக்குச் சுருக்கென்றது. கடப்பாரையை ஓங்கித் தரையில் குத்தினான்.

"அப்போ சும்மா கிடன்னு சொல்றீங்க. சாமியார்னாலே கடைசியில இங்கேதான் வந்து நிப்பீங்க. பொறுமை, பொறுமை! என் பிள்ளை தண்ணியில மிதக்கிற வரைக்கும் பொறுமை! கை ஓங்க ஒரு நேரம்னு வரவே வராதா?"

வெளியே யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மழை இன்னும் வலுத்தது.

"உங்க அப்பா கலிங்கு மண்ணை எடுக்க யார்கிட்ட உத்தரவு கேட்டாரு?" என்றாள் குப்பாயி.

"என்ன கேள்வி இது, இந்த நேரத்துல?"

"சொல்லேன்."

"யார்கிட்டயும் கேட்கலை. ஐப்பசி பிறந்தா ஊரே கூடையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பும். பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சிடும். ராஜா எந்தத் திசையில இருக்காருன்னு கூட அப்பாவுக்குத் தெரியாது."

"அப்புறம் எப்போ கேட்க ஆரம்பிச்சீங்க?"

முதல்முறையாக அவன் அசையாமல் நின்றான்.

"புதுசா ஒரு அதிகாரி வந்தாரு. மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்வோமேன்னு வெத்தலை பாக்கோட போனோம். 'அதுக்கென்ன, தாராளமா எடுங்க'ன்னாரு. ரொம்பச் சந்தோஷமா திரும்பி வந்தோம். மறு வருஷமும் போனோம். அதுக்கு மறு வருஷமும் போனோம்."

அவன் குரல் இறங்கிவிட்டது.

"இந்த வருஷம் கூடாதுன்னுட்டாரு."

குப்பாயி கீரையை ஓரமாக ஒதுக்கினாள்.

"கூடை இருக்கா?"

"கூடையா? கடப்பாரை இருக்கு, அரிவாள் இருக்கு, ஈட்டி கூட ரெண்டு..."

"கூடை இருக்கான்னு கேட்டேன்."

இல்லை. அத்தனை பேர் வந்திருந்தார்கள், ஒருவனிடமும் கூடை இல்லை.

அவள் எழுந்தாள். மடத்தில் சாணி அள்ளும் கூடையை எடுத்து மழைக்குத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். விறுவிறுவென்று ஏரிக்கரையில் நடந்தாள். செங்கோடன் பின்னால் ஓடினான். ஒன்றும் புரியாமல் ஆட்களும் ஓடினார்கள்.

கலிங்கில் காவலன் ஒருவன் நின்றிருந்தான். ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"அம்மா, நில்லுங்க. மண்ணைத் தொட்டா கை போயிடும். ராஜா ஆணை."

"கேள்விப்பட்டேன்பா," என்றாள் குப்பாயி. ஈட்டிக்குக் கீழே குனிந்து போய்க் கல்லருகே உட்கார்ந்தாள். கூடையைப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு கையாலும் மண்ணைத் தோண்டி அதில் போட்டாள்.

காவலன் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். பின்னால் அரிவாள்கள் உயர்ந்தன. செங்கோடன் 'ம்' என்று சொன்னால் போதும், காவலன் தலை ஏரியில் கிடக்கும். அவன் அந்த மணிக்கட்டையே பார்த்தான். நாளை அதற்குமேல் கை இருக்காது.

குப்பாயி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அண்ணே, மண்ணைத் தண்ணியில விட்டுடாதே. தை மாசம் திரும்ப அடைக்கணும்."

செங்கோடன் கூடையைப் பார்த்தான். கடப்பாரையைக் கீழே போட்டான். அரிவாளை உருவிக் கல்மேல் வைத்தான். அவளுக்கு அடுத்த சந்தில் உட்கார்ந்து மண்ணுக்குள் கையை விட்டான்.

அதற்கடுத்த சந்தில் இன்னொருவன் உட்கார்ந்தான். கூடை இல்லாதவர்கள் தலைப்பாகையை அவிழ்த்து விரித்துக்கொண்டார்கள். தண்ணீர் கல்லிடுக்கில் முதலில் கசிந்தது, பிறகு சலசலவென்று ஓடியது.

காவலனுக்கு இருப்பதே இரண்டு கை. எத்தனை பேர் கையைப் பிடிப்பான்? குப்பாயியை விட்டான். செங்கோடனைப் பிடித்தான். அவனையும் விட்டான்.

"டேய், நீங்க செய்யறதுக்குப் பேரு என்னன்னு தெரியுமா?" என்று கத்தினான். "கலகம்டா! ராஜத் துரோகம்!"

செங்கோடன் ஒரு பிடி மண்ணை எடுத்துக் கூடையில் போட்டான்.

"இல்லப்பா. இதுக்குப் பேரு ஐப்பசி."