சிவந்த சுண்ணாம்பு

இரும்பு உருக்கும் ஆலைக்குப் பக்கத்தில் ஒரு சுண்ணாம்புக் காளவாய் இருந்தது. அதில் கரியோ விறகோ போடுவதில்லை. ஆலையின் உலையிலிருந்து கிளம்பும் சூடான புகையைத் காளவாயைக் கட்டிய தவமணி ஒரு பெரிய குழாய் வழியாகக் காளவாய்க்குள் திருப்பியிருந்தாள். அந்தச் சூட்டில் சுண்ணாம்புக்கல் வெந்தது. புகையில் வந்த செந்தூசு கல்லிலேயே தங்கிவிட்டது. அன்றுமுதல் தெருவில் காயப்போட்ட வேட்டிகள் வெள்ளையாகவே காய்ந்தன.

தவமணிக்கு ஒரே சீடர், சூசை. அவளைவிடப் பதினாறு வயது மூத்தவர். முப்பது வருடம் சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு சுட்டவர்; இந்தப் புது முறையை இப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தார்.

இரும்பைச் சுத்தமாக்க உலைக்குச் சுண்ணாம்பு வேண்டும். முதல் லோடு நண்பகலுக்குள் அங்கே போகவேண்டும். உலைக்காரர் வேண்டாம் என்றால் காளவாயை இடித்துவிடுவார்கள்.

பத்து மணிக்குத் தவமணி வந்தபோது வண்டி காலியாக நின்றது. சூசை கையுறை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கல்லாகத் தென்னைநாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். காலடியில் செம்பொடி குவிந்திருந்தது.

“என்ன அண்ணே, கல்லுக்குக் கல்யாணமா?”

“சிரிக்காதீங்க டீச்சர். சுண்ணாம்புன்னா வெள்ளையா இருக்கணும். இதைப் பார்த்தா செங்கல்னு திருப்பி அனுப்பிடுவாங்க.”

“எத்தனை கூடை தேய்ச்சீங்க?”

“ரெண்டு.”

“மொத்தம்?”

“நாற்பது.” அவர் அடுத்த கல்லை எடுத்தார். “இந்தக் காளவாய் போச்சுன்னா, இந்த வயசுல நான் யாருகிட்ட போய்ப் படிப்பேன்?”

தவமணி குனிந்து அந்தச் செம்பொடியைப் பார்த்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துச் செம்பொடியின் மேல் பிடித்தாள். பொடி எழும்பி அதில் மீசைபோல ஒட்டிக்கொண்டது.

“அட, இரும்பு!” என்றார் சூசை.

“எங்கேயிருந்து வந்துச்சு?”

“உலையிலேருந்து. புகையோட.”

“இந்த வண்டி எங்கே போகுது?”

“உலைக்கு.”

சூசை தென்னைநாரைக் கீழே வைத்தார். இருவருமாகக் கூடைகளை ஏற்றினார்கள். தேய்த்து உதிர்த்த பொடியையும் ஒரு துளி விடாமல் வாரி மேலே கொட்டினார் சூசை.

ஒரு மணிக்கு வண்டி காலியாகத் திரும்பியது.

“நாளைக்கு ரெண்டு லோடு கேட்கிறாங்க,” என்றார் ஓட்டுநர்.

சூசைக்கு இன்னும் மனம் ஆறவில்லை. “அவ்வளவு சிவப்பா இருந்துச்சே, ஒண்ணுமே சொல்லலையா?”

தவமணி அவர் தலைமுடியில் படிந்திருந்த செம்பொடியைத் தட்டிவிட்டாள்.

“சொந்தப் பிள்ளை வீடு திரும்பும்போது யாராவது நிறம் பார்ப்பாங்களா, அண்ணே?”