செம்பு வெளைஞ்ச சுனை

ஒரு ஊர்ல கல்லை உருக்கிச் செம்பு எடுக்கற உலை ஒண்ணு இருந்துச்சு. அடேயப்பா, அதுக்கு வயிறு நெறையவே நெறையாது! பக்கத்துக் காட்டைத் தின்னுச்சு, அப்புறம் அடுத்த காட்டையும் தின்னுச்சு. கேக்கிறியா? ம் சொல்லு.

அந்த உலைக்கு விறகு வெட்டுறவன் மாசானம். மொதல்ல சாயங்காலமே வீட்டுக்கு வந்துருவான். மரம் தூரமாப் போகப் போக அவனும் தூரமாப் போனான். இப்போ மாசக்கணக்கா ஆளையே காணோம். அவன் பொண்டாட்டி பூவம்மா தெனமும் ரெண்டு தட்டு வைப்பா, ஒண்ணுலதான் சாப்பிடுவா. பாவம், ஏங்கி ஏங்கிப் பாதியாயிட்டா.

"உலை அணைஞ்சாத்தான் அவரு வருவாரு. நெருப்பில்லாம செம்பு எடுக்கற வழியை யாரைக் கேப்பேன்?"னு பொலம்பினா.

அப்போ ங்கொய்ய்ய்னு ஒரு குளவி வந்துச்சு. "சூளையில்லாம எப்படி வீடு கட்டுறே?"ன்னு பூவம்மா கேட்டா. "மண்ணும் எச்சிலும் போதும் தாயி." அப்புறம் சிலந்தியைக் கேட்டா. "நூல் இழுக்க நெருப்பு எதுக்கு?"ன்னு சிரிச்சுது. அப்புறம் நத்தை. அது மெதுவா எட்டிப் பாத்து, "தண்ணியில கரைஞ்சிருக்கறதைச் சேத்துச் சேத்துத்தான் ஓடு வளக்கறேன். பொறுமை வேணும்க்கா"ன்னுச்சு. பொறுமையா! அவகிட்ட வேற என்ன இருந்துச்சு?

மலையடியில நீலமா ஒரு சுனை. கண்ணுக்கே தெரியாத பொடிப்பொடி உசிருக கல்லைத் தின்னு, செம்பை அதுல கரைச்சு விடுமாம். நத்தை மாதிரி அதைச் சேத்துப் பாக்கலாம்னு, பூவம்மா புருஷனோட பழைய இரும்பு அருவாளைக் களுக்னு உள்ள போட்டா. மறுநா பாத்தா செக்கச்செவேல்னு இருக்கு! துருன்னு நெனச்சு பரக்கு பரக்குனு தேச்சா, அசடு. துரு இல்லடா கண்ணு, இரும்பு மேல படிஞ்ச செம்பு!

அப்புறம் ஊரே பழைய இரும்பைக் கொண்டாந்து போட்டுச்சு. தண்ணிக்குள்ளேயே செம்பு வெளைஞ்சுது. உலை அணைஞ்சுது, புகையும் நின்னுச்சு. அங்கதான் வந்துச்சு வெனை. அந்தப் புகையைப் பாத்துத்தானே மாசானம் ஊருக்கு வழி கண்டுபிடிப்பான்?

பூவம்மா அழுது தீத்தா. அப்புறம் வெளைஞ்ச செம்பை, நெருப்புல காட்டாமலே தட்டித் தட்டி ஒரு தாம்பாளம் ஆக்கினா. மலையேறி அடிச்சா. ணங்... யாரும் வரல. ணங்... காத்துதான் வந்துச்சு. மூணாவது தடவை ணங்ங்ங்... தூரத்துல தலைச்சுமையோட ஒருத்தன்!

"எறக்கி வைங்க. இனி விறகே வேண்டாம்."

"அப்போ நான் எதுக்கு?"ன்னான் மாசானம்.

"சாப்பிடத்தான். உங்க தட்டு எத்தனை நாளா காஞ்சு கெடக்கு!"

ம் சொல்லு... சொல்ல மாட்டியா? சரி, உலையும் அணைஞ்சாச்சு, கதையும் அடங்கியாச்சு. தூங்கு கண்ணு.