காற்றைத் தின்ற அயிரை

அந்தக் காலத்தில், மீனும் கொக்கும் ஒரே பாஷையில் வம்பளந்துகொண்டிருந்தபோது, மதுரைப் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் சிட்டாயி என்றொரு அயிரை மீன் இருந்தாள். உடம்பு விரல் நீளம்தான். பசி மட்டும் விரால் மீனின் பசி. வாய்க்கு எட்டியதை விழுங்கிவிட்டுத்தான் அது என்னவென்று யோசிப்பாள். அதே சேற்றில் குடியிருந்த அவள் அண்ணன் மனைவி பேச்சி, இதை நாளெல்லாம் சொல்லிக்காட்டுவாள்.

ஒரு வருஷம் மழை ஏமாற்றியது. கண்மாய் வற்றி, மடையடியில் ஒரு குட்டைதான் மிஞ்சியது. அந்தத் தண்ணீரும் வெயிலில் சூடேறி நாறியது. அந்த நாளில் அயிரைகள் தண்ணீரில் கலந்த காற்றைச் செவுளால் எடுத்துத்தான் மூச்சுவிட்டன. குட்டையில் எடுப்பதற்குக் காற்றே இல்லை. முதலில் சாய்ந்தது பேச்சி. சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தவள், நீயாவது எங்காவது போய்ப் பிழைத்துக்கொள் என்று முனகினாள். வாய் ஓயாத மதினி இப்படித் தணிந்து பேசியதில்தான் சிட்டாயி பயந்துபோனாள்.

மேலே அவ்வளவு காற்று சும்மா கிடக்கிறதே, ஒரு வாய் கொண்டுவந்து கொடுத்தால் என்ன என்று நினைத்தாள். குட்டையில் ஒரு கொக்கு இரைக்குக் காத்து நின்றிருந்தது. அதன் காலோரமாகவே தலையை நீட்டி ஒரு வாய் கவ்விக்கொண்டு திரும்பினாள். பாதி வழியில் காற்று செவுள் வழியே குமிழிட்டு ஓடிவிட்டது. மறுபடி போனாள். இந்த முறை செவுளை இறுக்கி மூடிக்கொண்டாள். வாய்க்குள் காற்று உருண்டது. பழக்கதோஷம், விழுங்கிவிட்டாள்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சாகக் கிடப்பவளுக்கு எடுத்ததையும் தின்றாயிற்று.

ஆனால் அந்தக் காற்று பின்குடலில் போய்த் தங்கியது. இரையின் சத்தை எடுத்துப்போகக் குடலைச் சுற்றி ஓடிய மெல்லிய ரத்தக் குழாய்கள், வந்தது எதுவானாலும் சரியென்று அதையும் உறிஞ்சிக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் சிட்டாயிக்குத் தலைச்சுற்றல் நின்றது, கண் தெளிந்தது. மிச்சக் காற்று வால்பக்கம் குமிழியாக வெளியேறியது.

உடனே பேச்சியின் வயிற்றுக்கடியில் தலையைக் கொடுத்து, முட்டி முட்டி மேலே தூக்கினாள்.

"வாயைத் திறங்க மதினி. காத்தை முழுங்குங்க."

"காத்தைத் தின்னா வயிறு உப்பிச் செத்துருவேன்டி."

"சும்மா கிடந்தாலும் சாகத்தான் போறீங்க. தின்னுட்டுச் சாவுங்க."

அதற்குப் பதில் சொல்லப் பேச்சி வாயைத் திறந்தாள். சிட்டாயி ஒரே முட்டாக அவளைத் தண்ணீருக்கு மேலே தள்ளினாள். மதினியின் வயிற்றுக்குள் ஒரு வாய் காற்று இறங்கியது. கொக்கு கழுத்தை வளைப்பதற்குள் இரண்டு பேரும் சேற்றுக்குள் புதைந்துவிட்டார்கள்.

முதல் மழை வரும்வரை மாறி மாறி மேலே போய்க் காற்றைத் தின்றே பிழைத்தார்கள். பின்னாலிருந்து வரும் குமிழிதான் பேச்சிக்குப் பெரிய கூச்சம். யாராவது பார்த்தால், சிட்டாயி விட்டது என்று சொல்லிவிடுவாள். புதுத் தண்ணீரில் அவர்கள் இட்ட முட்டைகள் பொரிந்தன. பிள்ளைகளின் பின்குடல் பிறக்கும்போதே மெலிந்து, அதைச் சுற்றிச் சிவப்பு நூல் போல ரத்தக் குழாய்கள் வலை பின்னியிருந்தன.

அந்தக் கோடையிலிருந்துதான், தண்ணீர் கெட்டுப்போனால் அயிரை மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுச் சேற்றுக்குத் திரும்புகிறது.