உள்ளே இறங்கிய காய்ச்சல்

தெங் காய் வைத்தியருக்கு நாற்பது வயது. அவருடைய சீடர் லுவோ பெய்க்கு ஐம்பத்தைந்து.

சீன தேசத்தின் தெற்கே, ஆற்றங்கரையில் இருந்த அந்த ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை. லுவோ பெய் வழக்கு மன்றத்தில் எழுத்தராக இருந்தவர். மனைவி இறந்த பிறகு வெறும் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல் வைத்தியம் கற்க வந்தார். ஆயுள் முழுக்க அடுத்தவர் சொன்னதை எழுதியவர். குறுக்கே ஒரு வார்த்தை பேசிப் பழக்கமில்லை.

குரு உள்ளே வந்தால் சீடர் எழுந்து நிற்பார். தன்னைவிட மூத்தவர் நிற்கிறாரே என்று குருவும் நிற்பார். யார் முதலில் உட்காருவது என்று தெரியாமல் இருவரும் தவிப்பதைப் பார்த்து, குருவின் மனைவி சுன்யா சிரிப்பாள்.

"நீங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டே இருங்கள். எனக்குப் பசிக்கிறது. நான் சாப்பிடப் போகிறேன்."

மருந்துகளைக் காயவைத்துப் பத்திரப்படுத்துவது அவள் வேலை. லுவோ பெய்யை அவள் அண்ணா என்று அழைத்தாள். குருவின் மனைவி என்பதால் அவர் அவளை அம்மா என்றார். அதற்கும் அவள் சிரித்தாள்.

முதல் மழைக்காலத்தில் தெங் வைத்தியர் காய்ச்சலைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தார்.

"குளிரால் வரும் காய்ச்சல் ஆறு தடங்கள் வழியாக நகரும். முதல் தடம் பிடரியிலும் முதுகிலும் ஓடுகிறது. நோய் அங்கே இருக்கும்போதே உடம்பைச் சூடாக்கி, வியர்க்கவைத்து வெளியே அனுப்பிவிட வேண்டும்."

"வெப்பத்தால் வருவது, குருவே?"

"அது நான்கு படிகளில் இறங்கும். முதலில் தோல். பிறகு மூச்சு. பிறகு ஊட்டம். கடைசியில் இரத்தம். தோலில் இருக்கும்போதே குளிர்ச்சியான மருந்து கொடுத்துவிட்டால் பயமில்லை."

"ஒன்றை மற்றதென்று நினைத்துவிட்டால்?"

"நினைக்கக் கூடாது, லுவோ ஐயா."

அடுத்த வசந்தத்தில் ஊரில் காய்ச்சல் பரவியது. ஒரு மாலை திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. முற்றத்தில் காயவைத்த மருந்து வேர்களை அள்ளப் போன சுன்யா தொப்பலாக நனைந்து வந்தாள். மறுநாள் காலையில் அவள் எழுந்திருக்கவில்லை.

தெங் வைத்தியர் மனைவியின் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"பிடரி வலிக்கிறதா?"

"வலிக்கிறது."

"குளிருகிறதா?"

"விடியற்காலையில் ஒரு தடவை நடுங்கியது."

"நினைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து உன் கையும் காலும் சில்லென்றுதான் இருக்கின்றன. குளிர் உனக்கு ஆகாது. மழையில் போய் ஏன் நின்றாய்?"

கருவாப்பட்டையும் இஞ்சியும் சேர்த்துக் கஷாயம் வைக்க அவரே அடுப்படிக்குப் போனார்.

குரு பார்த்த நாடியைச் சீடரும் பார்ப்பது அந்த வீட்டு வழக்கம். லுவோ பெய் சுன்யாவின் மணிக்கட்டில் விரல்களை வைத்தார். நாடி வேகமாக ஓடியது. நாக்கை நீட்டச் சொன்னார். நுனி சிவந்திருந்தது. கூஜாவில் தண்ணீர் தீர்ந்திருந்தது. போர்வை காலடியில் கிடந்தது.

வெப்பக் காய்ச்சல், முதல் படி என்று அவருக்குத் தோன்றியது.

அவர் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். இஞ்சி தட்டும் சத்தம் கேட்டது. இருபது வருடம் நாடி பார்த்தவர் குரு. என் கண்ணில் படாத எதையோ பார்த்திருப்பார் என்று லுவோ பெய் நினைத்துக்கொண்டார்.

"என்ன அண்ணா, முகம் ஒரு மாதிரி இருக்கிறது?" என்றாள் சுன்யா.

"ஒன்றுமில்லை அம்மா."

"உங்களுக்கு என்ன தோன்றுகிறது? சும்மா சொல்லுங்கள். அவரிடம் சொல்ல மாட்டேன்."

"குருவே பார்த்துவிட்டார். எனக்கு என்ன தெரியும்?"

சுன்யா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கஷாயம் வந்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள்.

நன்றாக வியர்த்தது. அன்று மாலையே காய்ச்சல் இறங்கியது. தெங் வைத்தியர் இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டார். லுவோ பெய்க்கும் நிம்மதியாக இருந்தது. குருவைச் சந்தேகப்பட்டதற்காக மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காய்ச்சல் முன்பைவிட ஏறியது. மருந்து போதவில்லை என்று குரு கருவாப்பட்டையைக் கூட்டினார். லுவோ பெய் எடை போட்டு இடித்துக் கொடுத்தார்.

அதற்கடுத்த நாள் சுன்யா தண்ணீர் கேட்பதை நிறுத்திவிட்டாள். எப்போதோ இறந்துபோன தன் தாயோடு பேசிக்கொண்டிருந்தாள். தெங் வைத்தியர் அவள் வாயைத் திறந்து பார்த்தார். நாக்கு முழுவதும் செக்கச் சிவந்து வறண்டிருந்தது.

"மூன்றாவது படி" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

அடுப்பில் கொதித்த கஷாயத்தைத் தானே கொண்டுபோய் வாசலில் கொட்டினார். இருந்த குளிர்ச்சி மருந்துகளையெல்லாம் எடுத்தார். இல்லாததைத் தேடி லுவோ பெய் அக்கரைக்குப் படகில் விரைந்தார். அவர் திரும்பி வந்தபோது சுன்யாவின் மார்பில் கருஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. மூக்கிலிருந்து இரத்தம் வழிந்தது.

வானம் வெளுத்து, நல்ல வெயில் அடித்த ஒரு காலையில் அவள் இறந்தாள்.

கோடை முழுவதும் வைத்தியசாலை மூடிக் கிடந்தது. தெங் வைத்தியர் யாரோடும் பேசவில்லை. லுவோ பெய் தினமும் வந்து முற்றத்தைப் பெருக்கிவிட்டு, சோறு வைத்துவிட்டுப் போவார். குரு வந்தால் எழுந்து நிற்பார். குரு நிற்காமல் கடந்து போவார்.

இலையுதிர் காலத்தில் சாயத்தொழிலாளி ஒருவர் காய்ச்சலோடு வந்து கதவைத் தட்டினார். வேறு வைத்தியரிடம் போகச் சொல்லியும் கேட்கவில்லை. தெங் வைத்தியர் கதவைத் திறந்தார். நாடி பார்த்தார். நாக்கைப் பார்த்தார். பிறகு விலகி உட்கார்ந்தார்.

"லுவோ ஐயா, நீங்கள் பாருங்கள்."

லுவோ பெய் பார்த்தார்.

"என்ன தோன்றுகிறது?"

"உங்களுக்குத் தோன்றுவதுதான் எனக்கும், குருவே."

"நான் இன்னும் எதுவும் சொல்லவில்லையே."

லுவோ பெய்யின் முகம் வெளிறியது. வந்தவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தெங் வைத்தியர் மருந்தைக் கட்டிக் கொடுத்து, குடிக்கும் விதத்தைச் சொல்லி அவரை அனுப்பிவைத்தார்.

அவர் போன பிறகு லுவோ பெய் தரையில் மண்டியிட்டார்.

"குருவே, அம்மாவின் காய்ச்சல் எந்தப் படியில் நம் கையை விட்டுப் போனது?"

"முதல் நாள் நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்."

"நாடி வேகமாக இருந்தது. நாக்கு நுனி சிவந்திருந்தது. தாகம் இருந்தது. போர்வையை உதைத்துத் தள்ளியிருந்தார்."

"அது எந்தக் காய்ச்சல் என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது?"

"அப்போதே."

தெங் வைத்தியர் கண்களை மூடிக்கொண்டார்.

"அவள் உங்களைக் கேட்டாளா?"

"கேட்டார்."

"என்ன சொன்னீர்கள்?"

"எனக்கு என்ன தெரியும் என்று சொன்னேன்." லுவோ பெய்யின் குரல் உடைந்தது. "என்னைத் திட்டுங்கள். அடியுங்கள். இந்த வீட்டுப் படி ஏறும் யோக்கியதை எனக்கு இல்லை. இன்றைக்கே போய்விடுகிறேன்."

"அவள் கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும்" என்றார் தெங் வைத்தியர். "அன்றைக்கு அந்தக் கை சுட்டது. பிடித்துப் பார்த்தவன் நான்."

"நீங்கள் தெரியாமல் செய்தீர்கள். நான் தெரிந்தும் சும்மா இருந்தேன்."

"இரண்டாம் நாள் எனக்கும் சந்தேகம் வந்தது, லுவோ ஐயா."

லுவோ பெய் நிமிர்ந்தார்.

"உங்களிடம் கேட்டுவிடலாம் என்று மருந்தறை வாசல் வரை வந்தேன். நீங்கள் குனிந்து மருந்து இடித்துக்கொண்டிருந்தீர்கள்."

"நான் உங்களைப் பார்க்கவில்லையே."

"கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பிப் போய்விட்டேன்."

"ஏன் குருவே? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே. ஏன் கேட்கவில்லை?"

தெங் வைத்தியர் தரையில் இறங்கி, சீடருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நீங்கள் என்னை முழுதாக நம்புகிறீர்கள் என்று நினைத்தேன். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை."