சிவப்புத் துண்டு மாப்பிள்ளை

கோணக்குளத்து ஆம்பளைகளைப் பற்றி ஊர் உலகத்தில் என்னென்னவோ சொல்வார்கள். ஆனால் சொன்ன சொல்லை மீறினார்கள் என்று மட்டும் ஒருத்தரும் சொன்னதில்லை. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த ஊர்க் கொம்பையாவுக்குப் பல் விளக்குவது முதல் பாய் விரிப்பதுவரை கன்னத்தில் புகையிலை அதக்கியே இருக்கும். அவனுக்குப் பேசி வைத்திருந்த சண்முகக்கனி பக்கத்து ஊர்க்காரி. "எங்க சித்தப்பா வாயில புண்ணு வந்து, அது புத்துநோயாகி, கஞ்சித்தண்ணிகூட எறங்காம போய்ச் சேர்ந்தாவ. கிட்ட இருந்து பார்த்தவ நான். புகையிலை போடுத ஆளுக்குக் கழுத்தை நீட்ட மாட்டேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். கொம்பையாவுக்கு அவள்மேல் கொள்ளை ஆசை. புகையிலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, குளத்தில் வீசிவிடுவது என்று நேரே கிளம்பிவிட்டான்.

பாவம், குளத்துக்குப் போகிற வழியில்தான் சமுதாயக் கூடம் இருந்தது. அங்கே ஆராய்ச்சி செய்கிற டாக்டரம்மா ஒருத்தர் வந்து இறங்கியிருந்தார். ஊர்க்காரர்கள் இவனையும் உள்ளே இழுத்து உட்கார வைத்துவிட்டார்கள்.

"நாம சாப்பிடுறது, நடக்கிறது, புகையிலை போடுறது, இதுக்கெல்லாம் புற்றுநோயோட என்ன தொடர்புன்னு பார்க்கப் போறோம்" என்றார் டாக்டரம்மா. பிறகு சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்குப் பச்சைத் துண்டும் பாதிப் பேருக்குச் சிவப்புத் துண்டும் கொடுத்தார். "பச்சைத் துண்டுக்காரங்க புகையிலையை விட்டுடணும். தினமும் அரை மணி நேரம் நடக்கணும். தட்டுல பாதி காய்கறி இருக்கணும். சிவப்புத் துண்டுக்காரங்க எதையும் மாத்த வேண்டாம், இன்னைக்கு எப்படி இருக்கீங்களோ அப்படியே இருங்க. யாருக்காவது இது பிடிக்கலைன்னா எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்."

எல்லாரும் சரி என்று தலையாட்டினார்கள். கொம்பையாவும் ஆட்டினான். அப்புறம்தான் தன் தோளில் கிடப்பது சிவப்புத் துண்டு என்று பார்த்தான். பொட்டலம் மறுபடியும் மடிக்குள் போய்விட்டது.

மற்றவர்கள் நிலைமையும் அப்படி ஒன்றும் சுகமில்லை. தளவாய்க்கும் சிவப்புத் துண்டு. அன்றைக்குக் காலையில்தான் அவனுடைய ஒரு செருப்பு சேற்றில் புதைந்து போயிருந்தது. அதனால் அன்று தொட்டு ஒற்றைச் செருப்போடுதான் நடமாட்டம். வெயிலுமுத்துவுக்கு அன்றைக்குச் சளி. சளி தானாகவே குணமாகிவிட, மனுஷன் பதறிப்போய்க் கிணற்றடியில் தலை நனைய உட்கார்ந்து, மறுபடி தும்மல் வந்த பிறகுதான் வீட்டுக்குப் போனான்.

பச்சைத் துண்டுக்காரர்கள் தினமும் அரை மணி நேரம் ஒரே திசையில் நடந்தார்கள். திரும்பி வரச் சொல்லி டாக்டரம்மா ஒன்றும் சொல்லவில்லையே. நேரம் முடிந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வார்கள். பெண்டாட்டிமார் போய்த் திட்டிக்கொண்டே டிராக்டரில் ஏற்றி வருவார்கள்.

தட்டில் பாதி காய்கறி இருந்தது. தின்றுவிட்டால் அப்புறம் எப்படி இருக்கும்? அதனால் அதைத் தொடாமல் சோற்றை மட்டும் சாப்பிட்டார்கள்.

கொம்பையாவின் கூட்டாளி மந்திரத்துக்குத்தான் பெரிய சிக்கல். அவன் கையில் பச்சைத் துண்டு. ஆனால் பிறந்ததிலிருந்து புகையிலையைத் தொட்டதே கிடையாது.

"போடாத புகையிலையை எப்படில விடுதது?" என்று கொம்பையாவிடம் வந்து கேட்டான்.

"மொதல்ல போடணும். பொறவு விடணும்" என்றான் கொம்பையா.

கொம்பையாவே கற்றுக்கொடுத்தான். மந்திரம் மயங்கி விழுந்தான், வாந்தி எடுத்தான், மறுபடி போட்டான். கடைசியில் நன்றாகவே பழகிக்கொண்டான். இப்போது விட முடியவில்லை.

இதற்குள் கல்யாணத் தேதி நெருங்கிவிட்டது. கொம்பையா டீக்கடையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். "புகையிலையை விட்டா டாக்டரம்மாவுக்குக் குடுத்த வாக்கு போச்சு. விடலைன்னா கனி போச்சு. நான் என்னவே செய்ய?" என்றான்.

"பிடிக்கலைன்னா வெலகிக்கலாம்னாவளே" என்றான் வெயிலுமுத்து, தும்மிக்கொண்டே.

"பிடிக்கலைன்னு எப்படிச் சொல்ல? டாக்டரம்மாவை எனக்குப் பிடிச்சிருக்கே. நல்ல மனுஷி."

"அப்ப மந்திரத்துக்கிட்ட துண்டை மாத்திக்க" என்றான் வெயிலுமுத்து.

"எதையும் மாத்த வேண்டாம்னுதானவே சொல்லியிருக்காவ" என்று தளவாய் அதட்டினான். ஒற்றைச் செருப்பைத் தரையில் தட்டிக்கொண்டே சொன்னான்: "துண்டு கெடக்குத எடத்துல கெடக்கட்டும். ஆளை மாத்துவோம். கொம்பையா, நீ மந்திரம் வீட்டுக்குப் போயி மந்திரமா இரு. மந்திரம் உன் வீட்டுல கொம்பையாவா இருக்கட்டும்."

கோணக்குளத்தில் இப்படி ஒரு யோசனை அதுவரை யாருக்கும் தோன்றியதில்லை. அன்றைக்கே வீடு மாறினார்கள். மந்திரத்தின் அம்மா புது மகனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெயில்ல சுத்திக் கறுத்துட்டியே" என்று எண்ணெய் தேய்த்துவிட்டாள். கொம்பையா புகையிலையை விட்டான். யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தான். ஆனாலும் கனியை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டான்.

கல்யாணத்தன்று சண்முகக்கனி மணமேடைக்கு வந்து பார்த்தால், மாப்பிள்ளை இடத்தில் மந்திரம் உட்கார்ந்திருக்கிறான். தோளில் சிவப்புத் துண்டு, கன்னம் புடைக்கப் புகையிலை. கொம்பையா கீழே, கூட்டத்தோடு கூட்டமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இது யாரு?" என்றாள் கனி.

"கொம்பையா" என்றது ஊர்.

விருந்துக்கு வந்திருந்த டாக்டரம்மா முழுக்கதையையும் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு, "ஆராய்ச்சியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அத்தனை பேரும் புகையிலையைத் துப்புங்க. தாலி கட்டி முடியுற வரைக்குமாவது அவங்கவங்க அவங்கவங்களாவே இருங்க" என்றார். மந்திரம் துப்பிவிட்டு எழுந்தான். கொம்பையா மேடையேறி வாயைத் திறந்து காட்டினான். கனி குனிந்து நன்றாக உள்ளே பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

தாலி கட்டி முடிந்ததும் கனி கையை நீட்டினாள். "இனி இந்த வாய்க்குள்ள எதையும் போட மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

கொம்பையா யோசிக்காமல் கையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

பந்தி போட்டார்கள். அவியல், பருப்பு, அப்பளம், பாயசம் எல்லாம் இலையில் விழ விழ, கொம்பையா வாயை இறுக்கி மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். கனி கைகழுவப் போன நேரத்தில் தளவாய் மெதுவாக வந்து அவன் காதில் ஏதோ சொன்னான்.

கனி திரும்பி வந்தாள். எதிர்ப் பந்தியில் கொம்பையா மந்திரத்தின் இடத்தில் உட்கார்ந்து மூன்றாவது தடவையாகப் பாயசம் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில், நிறைந்த இலைக்கு முன்னால், மந்திரம் வாடிய முகத்தோடு இருந்தான்.

"நீங்க ஏன் சாப்பிடாம இருக்கீக?" என்றாள் கனி.

"என்ன தாயி இப்படிக் கேக்க?" என்றான் மந்திரம். "இப்பத்தானே உன் கையில அடிச்சு சத்தியம் பண்ணினேன்."